பஸ் இருக்கு, தண்ணி இருக்கு, நேரம்தான் ஒத்து வரல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கிராமத்து வசதிங்க பத்தி நீங்க போட்டிருந்த கட்டுரைய படிச்சேன். ரோடு, குழாய், பஸ், ரேஷன் கடைன்னு ஒவ்வொண்ணுக்கும் டிக் அடிச்சு கிராமம் எங்கயோ போயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. பொய்னு சொல்ல மாட்டேன், செஞ்சி பக்கத்துல எங்க ஊர்லயும் அதெல்லாம் இருக்கு. எத்தனை மணிக்கு இருக்குன்னுதான் யாரும் கேக்கறது இல்ல.

பஸ்ஸையே எடுத்துக்கோங்க. 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு சாதாரண கட்டண பஸ்ல டிக்கெட் கிடையாது, நல்ல திட்டம், குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கத்திரிக்கா, வெண்டைக்கா பறிச்சு மார்க்கெட்டுக்கு கொண்டு போறவளுக்கு விடியக்காலைல பஸ் வேணும், எங்க ஊருக்கு முதல் பஸ் வர்றப்ப மார்க்கெட்ல ஏலமே முடிஞ்சிருக்கும், அதனால ஷேர் ஆட்டோக்காரருக்கு ஆளுக்கு ஒரு காசு, மூட்டைக்கு ஒரு காசுன்னு குடுத்துட்டுதான் போறோம். இலவச பஸ்ஸு மத்தியானம் காலியா வந்து காலியா போவுது.

தண்ணியும் அப்படித்தான். 2019ல ஆரம்பிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. வீட்டு வாசல்ல குழாய் போட்டாச்சு. ஆனா டேங்க் ஆபரேட்டர் வால்வ திறக்கறப்ப மணி பத்து, அப்ப நாங்க நடவுல இல்லன்னா மல்லாட்டை (வேர்க்கடலை) களை வெட்டுல இருப்போம், வீட்ல இருக்கற கெழவி குடத்த தூக்க முடியாம வாசல்ல உக்காந்திருக்கும், தண்ணி பாட்டுக்கு தெருவுல ஓடும்.

கரண்டு கதை இன்னும் மோசம். விவசாயத்துக்கு இலவச கரண்டுன்னு வெளியூர்க்காரங்க பொறாமையா பேசுவாங்க. கெணத்து மோட்டார் ஓட வேண்டிய மும்முனை கரண்டு ஷிப்ட் போட்டு வர்றதால நைட் ஷிப்ட் வந்தா எங்க வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கிட்டு கெணத்து மேட்டுக்கு போவார், வரப்புல என்ன படுத்திருக்குன்னு யாருக்குத் தெரியும். போன்லயே மோட்டார் போடற ஸ்டார்ட்டர் வந்திருக்கு, மானியமும் இருக்கு, சரிதான், ஆனா தண்ணிய அடுத்த பாத்திக்கு திருப்பி மடை மாத்தறதுக்கு ஆள்தானே போவணும்? அந்த போன் வந்தா மாத்திடும்?

ரேஷன் கடை எங்களுக்கு பகுதி நேரக் கடை. அது தொறக்கற அன்னிக்கு ஒரு நாள் கூலி போச்சு. களை வெட்டி வெட்டி தேஞ்சுபோன விரலுக்கு மெஷின்ல ரேகை விழலன்னா இன்னொரு தடவை நடக்கணும்.

ஒத்து வர்றதும் ரெண்டு இருக்கு, அதையும் சொல்லிடணும். ஒண்ணு பால் சொசைட்டி. விடியக்காலை கறந்த பாலுக்கு விடியக்காலையே ஆள் இருக்காங்க, சாயந்திரத்துக்கும் அப்படியே, ஏன்னா நேரம் தப்பினா பால் கெட்டுடும்னு அவங்களுக்குத் தெரியும். இன்னொண்ணு ஸ்கூல்ல போடற காலை சாப்பாடு. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு மறு வருஷமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. நாங்க ஆறு மணிக்கே கழனில எறங்கிடுவோம், புள்ளைங்க வெறும் வயித்தோட போவாதுன்னு ஒரு நிம்மதி. இத யோசிச்சவங்க எங்க வீட்ல காலைல என்ன நடக்குதுன்னு பாத்துட்டுதான் யோசிச்சிருக்கணும்.

புதுசா எதுவும் கட்ட வேணாம்ங்க. இருக்கற பஸ்ல ஒரு ட்ரிப்ப விடியக்காலைக்கு மாத்துங்க, வால்வ ஆறு மணிக்கு முன்னாடி திறங்க, அம்மாவாசைக்காவது ரேஷன் கடைய சாயந்திரம் வரைக்கும் வெச்சிருங்க, எங்க பக்கம் அன்னிக்கு ஏர் பூட்ட மாட்டாங்க, ஆளுங்க வீட்ல இருப்பாங்க. பைசா செலவு இல்லாத வேலை.

இதையெல்லாம் கிராம சபையில சொல்லலாமேன்னு கேப்பீங்க. வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, அதுவும் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வெக்கச் சொல்லி நீங்க ஒரு வரி எழுதுங்க, எங்க தெரு பொம்பளைங்க மொத்தத்தையும் நான் கூட்டிட்டு வரேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி வீட்டு வாசகி,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்