மூன்று லென்ஸ் கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. கேமரா வாங்கிய சேதி படித்து மகிழ்ச்சி. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார், 24 மெகாபிக்சல், கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ். தொடங்குவதற்கு இது தாராளம். பயணத்துக்கு ஒரு 18-300, தெருவுக்கு ஒரு எஃப்/1.4, பூச்சிகளுக்கு ஒரு 100 எம்எம் மேக்ரோ என்று பட்டியல் போட்டு, "சரியா?" என்று ஒரே வார்த்தையில் கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால், "பாதி". மீதியை விளக்கத்தான் இத்தனை பக்கம்.

லென்ஸின் முகப்பில் ஃபோகல் லெங்த்தும் (18, 300 போன்ற எம்எம் எண்; கூடினால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) அப்பர்ச்சரும் (எஃப்/1.4 போன்ற எண், வெளிச்சம் நுழையும் வாயின் அளவு; எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்) அச்சிட்டிருக்கும். விளம்பரத்திலும் அந்த இரண்டைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீ முதலில் யோசிக்க வேண்டியது வேறு: எடுக்கப்போகும் பொருள் உன்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும், அந்தத் தூரத்தைக் கூட்டிக் குறைக்க உன்னால் முடியுமா? பயணத்தில் பெரும்பாலும் முடியாது. ஆற்றின் அக்கரையில் இருக்கும் மணிக்கூண்டை எட்டி நடந்து நெருங்க வழியில்லை. தெருவில் தூரத்தை நீயே வகுத்துக்கொண்டு அதற்குள் ஆள் வரும்வரை காத்திருக்கலாம். மேக்ரோவில் தூரத்தைப் பூச்சிதான் முடிவு செய்யும்.

பயணத்துக்கு எதையும் வாங்கும் முன், கிட் லென்ஸில் இதுவரை எடுத்த படங்களை லைட்ரூம் போன்ற மென்பொருளில் போட்டு ஃபோகல் லெங்த் வாரியாகப் பிரித்துப் பார். 16-இலும் 50-இலும் படங்கள் குவிந்திருக்கும். ஜூம் வளையம் அந்த முனைகளில்தான் போய் நிற்கும், ஆகவே அந்தக் குவியலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடாதே. 50-இல் எடுத்தவற்றில் எத்தனையைப் பிறகு பாதிக்குமேல் வெட்டினாய் என்று எண்ணு. நிறைய என்றால் உனக்கு நீளம் போதவில்லை. 16-இல் எடுத்தவற்றில் கட்டடத்தின் தலை வெட்டுப்பட்டிருந்தால் அகலம் போதவில்லை. இரண்டும் இல்லையென்றால் பயண லென்ஸை இப்போதைக்கு மறந்துவிடு.

நீளம் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். டாம்ரான் 18-300 எடை 620 கிராம். அது மோசமான லென்ஸ் இல்லை. பகலில், வெளியில், லென்ஸ் மாற்றவே நேரமில்லாத ஆளுக்கு அதுதான் சரி. ஆனால் 300 முனையில் அதன் அப்பர்ச்சர் எஃப்/6.3. எஃப்/2.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1250 போதும் என்ற இடத்தில் 6400 வைக்க வேண்டிவரும். அருங்காட்சியகத்துக்குள்ளும் அந்திக்குப் பிறகும் இது உறுத்தும். 16-80 எஃப்/4, 18-135, 17-70 எஃப்/2.8 போன்ற நாலு முதல் ஏழெட்டு மடங்கு ஜூம்கள் பயணத்தில் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். ஃபுஜிஃபில்மின் 16-80 440 கிராம், டாம்ரானின் 17-70 525 கிராம். இவற்றில் ஒன்றோடு கைக்கு அடக்கமான ஒரு பிரைமை (ஜூம் இல்லாத, ஒரே ஃபோகல் லெங்த் லென்ஸை) பையில் போட்டுக்கொண்டால் இரவுக்கும் வழி கிடைத்துவிடும். 300 எம்எம் தேவைப்படும் படங்கள் பெரும்பாலும் பறவையும் விளையாட்டும்தான். உன் கடிதத்தில் இரண்டையும் காணோம்.

தெருவுக்கு எஃப்/1.4 வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஃபுஜிஃபில்மின் 23 எம்எம் எஃப்/2 லென்ஸ் 180 கிராம். அதே 23-இல் புதிய எஃப்/1.4 லென்ஸ் 375 கிராம். எடை இரண்டு மடங்கு, வெளிச்சம் ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்குதான். அந்த ஒரு ஸ்டாப்பை இன்றைய சென்சார்கள் ஐஎஸ்ஓவில் ஈடுகட்டிவிடும். பகலில் தெருப்படம் பெரும்பாலும் எஃப்/8-இல்தான் எடுப்பாய், அங்கே இரண்டும் ஒன்றே. வாய் அகன்ற பெரிய லென்ஸை நீட்டினால் எதிரே வருகிறவர் முகம் மாறிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

எந்த ஃபோகல் லெங்த் என்பதற்கு வருகிறேன். உன் சென்சாருக்கு 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 18 என்றால், உன்னுடையதைவிடப் பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமின் 27, 23 என்றால் 35, 35 என்றால் 52. தெருப்படத்தில் பெயர்பெற்றவர்களில், கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50-ஐயே வைத்துக்கொண்டார், கேரி வினோகிராண்ட் 28-ஐ விரும்பினார். இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். நீ கூச்ச சுபாவம். 18-ஐ வாங்கினால் ஒரு மீட்டர் நெருக்கத்தில் போய் நிற்கும் துணிச்சல் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் ஆட்கள் எறும்பு அளவில் இருப்பார்கள். 35 குறுகலான சந்தில் பின்வாங்க இடமில்லாமல் திணறும். உனக்கு 23.

ஸோன் ஃபோகஸை, அதாவது ஃபோகஸை ஒரு தூரத்தில் முன்கூட்டியே பொருத்தி வைப்பதை, கட்டாயம் பழகு. ஆட்டோஃபோகஸ் எவ்வளவு வேகமாக இருந்தாலும், கூட்டத்தில் அது தவறான முகத்தைப் பிடிக்கும். 23 எம்எம்மில் எஃப்/8 வைத்து, மேனுவல் ஃபோகஸில் 2.5 மீட்டருக்குப் பொருத்தினால், 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். 18 எம்எம்மில் 2 மீட்டருக்குப் பொருத்தினால் ஒரு மீட்டரிலிருந்து ஏறக்குறைய முடிவிலிவரை. 35 எம்எம்மில் 3 மீட்டருக்கு வைத்தாலும் கிடைப்பது 2.2 முதல் 4.9 மீட்டர்தான், தெருவில் 35 ஏன் சிரமம் என்று இதிலிருந்தே புரியும். இரவில் 23-ஐ எஃப்/2-க்குத் திறந்தால் அதே 2.5 மீட்டரில் 2.1 முதல் 3.1 வரைதான் மிஞ்சும். அப்போது ஆட்டோஃபோகஸுக்குத் திரும்பிவிடு. இந்தக் கணக்கெல்லாம் சாதாரண அளவு பிரிண்டுக்கு. திரையில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் இரு விளிம்பிலும் மென்மை தெரியும், பயந்துவிடாதே.

ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாதபடி ஆட்டோ ஐஎஸ்ஓவில் கட்டுப்பாடு வை, மேல் வரம்பு 6400. சைக்கிளுக்கும் ஓடும் குழந்தைக்கும் 1/500. ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று 1/30-க்கு இறங்காதே. அது உன் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், நடப்பவரின் காலை நிறுத்தாது.

மிரர்லெஸ், அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராக்களின் லென்ஸ்களில் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் ஃபோகஸ் வளையம் மோட்டாருக்கு மின்சைகை மட்டுமே அனுப்பும், தூர அளவுக்கோடுகள் இருக்காது. கேமராவை அணைத்துப் போட்டால் பொருத்திய 2.5 மீட்டர் போய்விடவும் கூடும். மெனுவில் லென்ஸ் நிலையை நினைவில் வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் ஒவ்வொரு முறை இயக்கியதும் 2.5 மீட்டரில் உள்ள ஏதாவது ஒன்றை ஆட்டோஃபோகஸில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிக்கொள். சில லென்ஸ்களில் வளையத்தைப் பின்னால் இழுத்தால் அளவுக்கோடு வெளிப்படும். தெருவுக்கு அத்தகையது கிடைத்தால் விடாதே. இரவில் யுவி ஃபில்டரைக் கழற்றிவிடு. விளக்கின் பிம்பம் சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரின் தட்டையான கண்ணாடியில் மோதி, படத்தில் பச்சைப் பொட்டாக விழும்.

இனி மேக்ரோ. ஏமாற்றம் அதிகம் இங்கேதான்.

ஜூம் லென்ஸின் பெட்டியில் 'மேக்ரோ' என்று போட்டிருந்தால் அதை நம்பாதே, அதிகபட்ச உருப்பெருக்கம் எவ்வளவு என்று மட்டும் பார். 1:1 என்றால் உன் சென்சாரின் அளவான 23.5 × 15.6 மில்லிமீட்டர் பரப்பு படத்தை நிரப்பும். 1:2 என்றால் 47 × 31. வண்ணத்துப்பூச்சிக்கு 1:3, 1:2 போதும். 12 மில்லிமீட்டர் தேனீக்கு 1:1 வேண்டும், அப்போதும் படத்தின் பாதி அகலம்தான் நிரம்பும். எறும்பின் முகம் வேண்டுமென்றால் 1:1-ஐத் தாண்ட வேண்டும்.

இரண்டாவது எண் லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி. இதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. மிகக்குறைந்த ஃபோகஸ் தூரம் என்று போட்டிருப்பது சென்சாரிலிருந்து அளந்தது. அதிலிருந்து லென்ஸின் நீளத்தையும், மவுண்டுக்கும் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் இடம்) சென்சாருக்கும் உள்ள தூரத்தையும் கழிக்க வேண்டும். டாம்ரான் 18-300 லென்ஸுக்கு 1:2 என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் நீ மயங்கியிருப்பாய். அந்த 1:2 கிடைப்பது 18 எம்எம் முனையில், சென்சாரிலிருந்து 15 சென்டிமீட்டரில். லென்ஸே 12.5 சென்டிமீட்டருக்கு மேல். கழித்துப் பார், பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. லென்ஸின் நிழலே பொருளை மூடிவிடும். 300 முனையில் ஒரு மீட்டர் தள்ளி நின்று கிடைக்கும் 1:4 அதைவிடப் பயன்படும்.

உண்மையான மேக்ரோ லென்ஸ்களில், 1:1-க்கு 60 எம்எம் ஏறத்தாழ 5 முதல் 9 சென்டிமீட்டர் இடைவெளி தரும், 100 எம்எம் 13 முதல் 15, 180 எம்எம் 24 சுற்றி. நகை, நாணயம், பூ இவற்றுக்கு 60 போதும். அசையும் பூச்சிக்கு 90-இலிருந்து 105. ஆகவே உன் பட்டியலில் 100 சரி, ஆனால் உடனே வேண்டாம். முதலில் மலிவான வழிகளைப் பார்.

எக்ஸ்டென்ஷன் டியூப் கண்ணாடியில்லாத வெறும் குழாய். அது கூட்டும் உருப்பெருக்கம், குழாயின் நீளத்தை ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் வரும். 10, 16 எம்எம் குழாய் இரண்டையும் சேர்த்து 50 எம்எம் லென்ஸில் போட்டால் 26/50, அதாவது 0.52 கூடும். லென்ஸுக்கே உள்ள 0.15-ஐச் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிடுவாய். கிட் லென்ஸின் 16 முனையில் போட்டால் ஃபோகஸ் விழும் இடம் கண்ணாடியிலேயோ அதற்குள்ளேயோ இருக்கும், எதுவும் தெளியாது. மின்தொடர்பு ஊசிகள் உள்ள குழாயாகப் பார்த்து வாங்கு. ஊசி இல்லாததில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

டெலி ஜூம் (தொலைவை நெருக்கிக் காட்டும் ஜூம்) கையில் இருந்தால், அதன் முன்னால் மாட்டும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் லென்ஸ். அதன் திறன் +8 டயாப்டர், அதாவது ஃபோகல் லெங்த் 125 எம்எம். 52 முதல் 67 எம்எம்வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸின் முன்னால் கிளிப் போல மாட்டிவிடலாம். 200 எம்எம்மில் முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்தால் 200/125, அதாவது 1.6 மடங்கு. இடைவெளி 12 சென்டிமீட்டர் சுற்றி. ஒற்றைக் கண்ணாடியில் வரும் மலிவு குளோஸ்-அப் ஃபில்டர்களை வாங்காதே, ஓரமெல்லாம் ஊதா விளிம்பு கட்டும்.

எதில் எடுத்தாலும் தெளிவின் ஆழம்தான் உன்னை அழவைக்கும். உன் சென்சாரில் 1:1, எஃப்/8 என்றால் மொத்த ஆழம் 0.64 மில்லிமீட்டர். எஃப்/11 என்றால் 0.88. அப்படியானால் எஃப்/22-க்கு மூடலாமே என்று தோன்றும். 1:1-இல் லென்ஸ் சென்சாரை விட்டு விலகிவிடுவதால் உண்மையான எஃப் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எஃப்/8 எஃப்/16 ஆகவும், எஃப்/16 எஃப்/32 ஆகவும் வேலை செய்யும். எஃப்/32-இல் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன், சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) ஒரு புள்ளி 43 மைக்ரான் வட்டமாகப் பரவும், உன் பிக்சலோ 4 மைக்ரான். ஆழம் கூடும், கூர்மை எல்லா இடத்திலும் போய்விடும். எஃப்/8-லேயே நில், மிஞ்சினால் எஃப்/11. 1:1-இல் இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் குறையும். கேமராவின் டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளக்கும் முறை) அதைத் தானே ஈடுகட்டும், மேனுவல் பிளாஷ் என்றால் நீதான் நாலு மடங்கு கூட்ட வேண்டும்.

எடுக்கும் முறை இது. ஆட்டோஃபோகஸை அணை. வளையத்தை வேண்டிய உருப்பெருக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடு. எஃப்/8, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 200, பிளாஷ் 1/8 பவரில், முன்னால் வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய டிஃப்யூசர். உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, பூச்சியின் கண் தெளியும் கணத்தில் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடு, ஒன்று நிற்கும். பிளாஷின் வெடிப்பு மிகக் குறுகியது என்பதால் கை ஆட்டம் பதியாது. 1:1-இல் ஸ்டெபிலைசேஷனால் அதிகம் உதவ முடியாது. சிறகு விரித்த பூச்சி என்றால் சென்சாரைச் சிறகுக்கு இணையாகப் பிடி, அரை மில்லிமீட்டர் ஆழமே போதும். ஸ்டேக்கிங் (வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பது) ஆசை வந்தால், 1:1, எஃப்/5.6-இல் 0.3 மில்லிமீட்டர் படிகள் வை. 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பதினேழு படம். காற்று அடித்தால் எல்லாம் வீண்.

பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து உள்ளே பார். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, தொடாதே. தூசி ஒன்றிரண்டு பரவாயில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்கம் இருக்கக் கூடாது. புதியதோ பழையதோ, டிரைபாடில் வைத்து, தொலைவில் உள்ள ஏதாவது ஒரு கூர்மையான விளிம்பை வரிசையாக நாலு மூலைக்கும் கொண்டுபோய், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து எடு. மூன்று மூலை கூர்மை, ஒன்று மட்டும் மங்கல் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடு. நாலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் குணம், எஃப்/5.6-இல் சரியாகிவிடும்.

ஆக, முதலில் 23 எஃப்/2, கூடவே குழாய்கள். 23-இல் அவற்றை மாட்டாதே, இடைவெளி இருக்காது. கிட் லென்ஸின் 50 முனையில் போட்டுப் பழகு. ஆறு மாதம் கழித்தும் பூச்சிப் பைத்தியம் தெளியாவிட்டால் 100 மேக்ரோவும் ஒரு பிளாஷும். பயண ஜூமை, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்.

உன் கேமராவின் மவுண்ட் எது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது, எந்தக் குழாய் பொருந்தும் என்று சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்