செக்கோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்துக்குச் சரக்கு கிளியரிங் செய்யும் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் உங்கள் பத்திரிகையைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிந்ததே கிடையாது, அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கிப் போட வேண்டியிருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேட்க வந்த விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஒவ்வொரு செப்டம்பர் 5-ம் தேதியும் வ.உ.சிதம்பரனாருக்கு நீங்கள் இடம் ஒதுக்குகிறீர்கள். அன்றைக்கு ஆசிரியர் தினமும் சேர்ந்து வருவதால் பல பேர் அவரை மறந்தே போகிறார்கள், நீங்கள் மறப்பதில்லை, அதற்கு நன்றி. ஆனால் வருஷா வருஷம் அதே கட்டுரைதான் வருகிறது. 1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார், கப்பல் விட்டார், கோவைச் சிறையில் செக்கிழுத்தார், 1936-ல் காலமானார். பக்கத்தில் தலைப்பாகையோடு இருக்கும் அந்தப் படம், கீழே கப்பல் படம். முடிந்தது.

இதைப் பெரிய குறையாக நான் முன்பு நினைத்ததில்லை. போன வருஷம் ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி பேச்சுப் போட்டிக்கு வ.உ.சி.யை எடுத்துக்கொண்டாள். தாத்தா எழுதிக் கொடுங்கள் என்றாள், நானும் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரைகளை எல்லாம் வெட்டி வைத்திருந்தேன், அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். பிள்ளை நன்றாகத்தான் பேசினாள், கைதட்டினார்கள். நடுவராக வந்திருந்த டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரிம்மா, ஜெயில்ல இருந்து வெளியே வந்ததுக்கு அப்புறம் என்ன செஞ்சாரு?" பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நான் ஒரு வரி கூட எழுதிக் கொடுக்கவில்லையே! அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போனேன், அதற்குப் பிறகு பல மாதம் போய்க்கொண்டே இருந்தேன்.

கணக்கு எழுதியே பழகினவன் என்பதால் முதலில் கணக்குத்தான் போட்டுப் பார்த்தேன். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. அவரைக் கைது செய்தது 1908 மார்ச் 12. ஆக அவர் கப்பல் கம்பெனியை நடத்தியது பதினேழு மாதம். சிறையில் இருந்தது 1912 டிசம்பர் வரை, அதாவது நாலே முக்கால் வருஷம். இரண்டையும் கூட்டினால் ஆறு வருஷத்துக்குச் சற்று மேலே. விடுதலையாகி வெளியே வந்தபோது அவருக்கு வயது நாற்பது. இறந்தது 1936 நவம்பர் 18, அறுபத்து நாலு வயதில். இடையில் கிட்டத்தட்ட இருபத்து நாலு வருஷம் இருக்கிறது. ஒரு மனுஷருடைய இருபத்து நாலு வருஷத்தை, "வறுமையில் வாடினார்" என்ற ரெண்டு வார்த்தையில் நாம் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம்.

கப்பல் கதை சின்னது என்று சொல்ல வரவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய், 40,000 பங்கு. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு எடுத்தார், சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசனை சொன்னார். (இப்போது பிறந்தநாளன்று ஒட்டப்படும் சாதிச் சங்கப் போஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெயர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன், மனசு வலிக்கிறது.) வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்கு டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, இவர்கள் எட்டணாவுக்கு இறக்கினார்கள், உடனே அவன் சும்மாவே கூட்டிப்போகிறேன் குடையும் தருகிறேன் என்றான். அவனிடம் பணம் இருந்தது, நஷ்டத்தைத் தாங்க முடியும். இவர்களிடம் இருந்தது பங்குதாரர்கள் போட்ட இருபத்தைந்து ரூபாய்கள்தான். அப்புறம் இங்கே தூத்துக்குடியில் கோரல் நூல் மில் வேலைநிறுத்தம் 1908 பிப்ரவரி 27-ல் தொடங்கி ஒன்பது நாள் நடந்தது, தொழிலாளிக்குக் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் வாங்கிக் கொடுத்தார், அதற்குப் பிறகு அவரை வெளியே விட்டுவைக்க அரசாங்கத்துக்கு மனசு வரவில்லை. நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள், மொத்தம் நாற்பது வருஷம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயசு. மேல்முறையீட்டில்தான் குறைந்தது. தண்டனையைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப் போனவர், அதன் பிறகு தெளியவே இல்லை. இந்தத் தம்பியைப் பற்றி எந்தப் பிறந்தநாள் கட்டுரையிலாவது வந்திருக்கிறதா?

வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-லேயே அதை மூடிவிட்டார்கள். வக்கீல் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம், பறிபோய்விட்டது, பிழைக்கத் தெரிந்த ஒரே தொழிலும் கையை விட்டுப் போயிற்று. அந்த நிலையில் சொந்த ஊர்ப் பக்கம் வராமல் சென்னைக்குக் குடும்பத்தோடு போய் அரிசி, நெய் என்று வியாபாரம் செய்து பார்க்கிறார். முன்பு வருகிற புலவருக்கெல்லாம் மழை மாதிரி கொடுத்த சிதம்பரம் இப்போது வெண்பாச் சொல்லிப் பிச்சைக்கு ஓடுகிறான் என்ற பொருளில் அவரே தன்னைப் பற்றி ஒரு வெண்பா எழுதினார். படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் ஆட்கள் வ.உ.சி. குடும்பம் கஷ்டப்படுகிறது என்று கேள்விப்பட்டு அங்கே பணம் திரட்டினார்கள். அது காந்தியின் கைக்கு வந்தது. 1915-ல் காந்தி இந்தியா திரும்பிய பிறகு இருவருக்கும் இதைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. காந்தி விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார், இவர் மறுபடி எழுதுகிறார், மறுபடி பதில், மறுபடி எழுதுகிறார். கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை உண்டாக்கியவர் அந்த 347 ரூபாய் 12 அணாவுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறார். காந்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த கணக்குகள் குழம்பியிருக்கும், வேறு காரணமும் இருக்கலாம். கேட்டு எழுதுவதற்கு அவர் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பார் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் மானத்தை விடப் பிள்ளைகளின் பசி பெரிது என்று நினைத்த ஒரு தகப்பன் அந்தக் கடிதங்களில் இருக்கிறார், செக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிலையில் எனக்கு அவர் தெரியவில்லை.

சரி, இதையும் சிலர் எழுதுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதுகிறவர்களும் ஐயோ பாவம் என்று கண்ணைத் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை ஐயா, வேலை செய்துகொண்டிருந்தார்.

சிறைக்குள் இருந்தபோதே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் புத்தகத்தை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதினார், 125 அதிகாரம், குறள் வழியில் வாழ்க்கை முறை சொல்லும் நூல். வெளியே வந்த பிறகு 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். மணக்குடவர் பரிமேலழகருக்கு முந்தியவர், அந்த உரை மக்கள் கையில் புத்தகமாக வரக் காரணமானவர்களில் இவர் ஒருவர். பிறகு தொல்காப்பியம். எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு 1928-ல் கொண்டுவந்தார், பொருளதிகாரத்தைத் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்து பதிப்பித்தார். இளம்பூரணர் தொல்காப்பியத்துக்குக் கிடைக்கிற உரைகளிலேயே மிகப் பழையது எழுதியவர், புலவர்கள் அவரை உரையாசிரியர் என்று மட்டுமே சொல்வார்கள், பெயர் கூட வேண்டாம்.

பழைய உரையைப் பதிப்பிப்பது என்றால் என்ன என்று நூலகத்தில் எனக்கு ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிரதியில் ஒரு வரி ஒரு மாதிரி இருக்கும், இன்னொன்றில் வேறு மாதிரி. ஏட்டில் புள்ளி இருக்காது, ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, பூச்சி அரித்த இடத்தில் சொல்லே இருக்காது. ஒவ்வொரு சூத்திரமாக எடுத்து, ஒப்பிட்டு, எது சரியான பாடம் என்று முடிவு செய்து, பிறகு அச்சுப் பிழை திருத்தி, மறுபடி திருத்தி. வயிறு நிறைந்தவனுக்கே பொறுமை போய்விடும். கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் இதைச் செய்திருக்கிறார். செக்கைச் சுற்றியது அவரைப் பிடித்துக் கட்டியதால். தொல்காப்பியத்தோடு மல்லுக்கட்டியது அவராக விரும்பி. எதைப் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டும்?

தொழிலாளர் இயக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. சென்னையில் திரு.வி.க. போன்றவர்களோடு சேர்ந்து சங்க வேலை பார்த்தார். ஒத்துழையாமை தனக்கு ஒப்பவில்லை என்று 1920-ல் காங்கிரஸை விட்டு விலகினார், எல்லோரும் காந்தி பின்னால் போன நேரத்தில் தனக்குப் பட்டதைச் சொல்லிவிட்டுத் தனியே நின்றார். 1927-ல் மறுபடி காங்கிரஸுக்கு வந்து, சேலத்தில் நடந்த அதன் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். இது பற்றியெல்லாம் விவரம் தெரிந்த யாரையாவது நீங்கள் எழுதச் சொல்ல வேண்டும், நான் ஆழமாகப் படிக்கவில்லை.

சன்னது திரும்பக் கிடைத்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதற்கு உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. தன் ஜாதகத்தையே புரட்டிப் போட்டது வெள்ளைக்கார அரசாங்கம், அதே அரசாங்கத்து நீதிபதி ஒருவர் நல்லது செய்தார், உடனே இவர் தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். என் பேத்திக்கு இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "நிஜமா தாத்தா? வெள்ளைக்காரர் பேரையா?" என்று நாலு தடவை கேட்டாள். நாற்பது வருஷம் தண்டனை என்று கேட்டபோது கூட அவள் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம் இல்லை. அதற்கப்புறம் அவர் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார், 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தார், இங்கேதான் உயிர் விட்டார். நான் அன்றாடம் நடக்கிற ஊரில்.

மூன்று மாதம் முன்பு சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போனபோது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கும் அந்தச் செக்கைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். கூட வந்தவர், "இதைத்தான் அவர் இழுத்தார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் அந்தக் கல்லின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அப்போது செக்கு ஞாபகமே இல்லை, அந்த 347 ரூபாயும் வாலேசுவரனும்தான் ஞாபகத்தில் இருந்தார்கள்.

ஆகவே ஆசிரியர் ஐயா, என் வேண்டுகோள் இதுதான். அவர் மறைந்த நவம்பர் 18-ஐத் தமிழக அரசு 2021-ல் தியாகத் திருநாள் என்று அறிவித்திருக்கிறது. செப்டம்பருக்கு ஒரு பக்கம் கொடுக்கிறீர்கள், நவம்பருக்கும் ஒரு பக்கம் கொடுங்கள், அதில் 1912-க்குப் பிறகு நடந்ததை மட்டும் போடுங்கள். கப்பல் படம் வேண்டாம், தொல்காப்பியப் பதிப்பின் முகப்புப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். பழைய நூலகங்களில் தேடினால் கிடைக்கும். உங்கள் நிருபர் வழக்கமாக ஓட்டப்பிடாரம் நினைவு இல்லத்துக்குப் போய் மாலை போடுகிறவர்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார், இந்தத் தடவை அப்படியே கோவில்பட்டிக்கும் ஒரு நடை போய், அவர் வக்கீலாக இருந்த வருஷங்களைப் பற்றி அங்கே வயதானவர்கள் யாருக்காவது கேள்விப்பட்ட செய்தி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். தூத்துக்குடிக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை நானே கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறேன்.

பேத்தி இந்த வருஷமும் பேர் கொடுத்திருக்கிறாள். வ.உ.சி.தான், ஆனால் சிறை வாசலில் இருந்து ஆரம்பிக்கப் போகிறாளாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி.