லீவர் பிடித்த கைக்கு மவுஸ் ஒட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் இளைஞர் இணைப்பில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. விண்வெளியில் கப்பல் ஓட்டுகிற விளையாட்டுக்கு மவுஸும் கீபோர்டும் போதும், ஜாய்ஸ்டிக் என்கிற கைப்பிடிக் குச்சி வாங்குவது தண்டச் செலவு, அது அந்தக் காலத்துச் சாமான் என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டார் எழுதியவர். மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. அந்த ஒரு பத்திதான் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டு இருக்கிறது.

நான் மேலூர்ப் பக்கம் ஹிட்டாச்சி, அதாவது மண் தோண்டுகிற வண்டி, ஆபரேட்டர். வயது 47. முதலில் கிரானைட் குவாரியில் இருந்தேன். 2012-ல் குவாரிகள் மூடிய பிறகு கண்மாய் தூர்வாருவது, வரத்துக்கால் வெட்டுவது என்று பிழைப்பு ஓடுகிறது. இவனுக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்பீர்கள். தங்கச்சி மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். மழை பெய்தால் கண்மாய்க்குள் வண்டி இறங்காது. வீட்டில் சும்மா கிடக்க வேண்டும். அப்படி ஒரு ஐப்பசி மழையில் தொட்டதுதான்.

அதில் இருந்த விளையாட்டு எலைட் டேஞ்சரஸ். 2014-ல் வந்தது. நம் பால்வீதியையே உள்ளே வைத்திருக்கிறார்கள், 40,000 கோடி நட்சத்திர மண்டலம் என்று மருமகன் சொன்னபோது நான் நம்பவில்லை. இதன் மூத்தது 1984-லேயே வந்துவிட்டதாம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு பையன்கள் எழுதியது. ராகேஷ் சர்மா சோயுஸ் விண்கலத்தில் மேலே போன அதே வருஷம்.

இதில் பெரிய பாடு சண்டை இல்லை, விண்வெளி நிலையத்துக்குள் நுழைவதுதான். நிலையம் பம்பரம் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். முகப்பில் தபால் பெட்டி வாய் போல நீளமாக ஒரு திறப்பு. அது சுற்றுகிற வேகத்துக்கு நம் கப்பலையும் உருட்டிக்கொண்டே, மூக்கை நடுவில் வைத்து, உள்ளே போக வேண்டும். வாயிலை அடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றால் சுட்டே விடுவார்கள். (நம்ம பஸ் ஸ்டாண்டிலும் இந்தச் சட்டம் வந்தால் தேவலை.)

ஒரு மாதம் மவுஸிலும் கீபோர்டிலும்தான் ஓட்டினேன். அதாவது, இடித்தேன். கோளாறு எங்கே என்று பிடிபட நாளாயிற்று. மவுஸ் என்பது இடத்தைக் காட்டுகிற சாமான். "இங்கே போ" என்றால் போகும். ஆனால் கப்பலுக்கு நாம் சொல்ல வேண்டியது இடம் இல்லை. எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பது. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்திவிட்டுக் கையை நிறுத்தினால், கை நின்றுவிட்டது, கப்பல் உருண்டுகொண்டே இருக்கிறது. நிறுத்த வேண்டுமானால் மவுஸை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடு எங்கே? கைக்குத் தெரியாது. திரையில் இருக்கும் சின்னப் புள்ளியைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தானாக நடுவுக்கு வருகிற மாதிரி ஒரு அமைப்பும் உண்டு. அதைப் போட்டால், ஒரே சீராகத் திரும்ப மவுஸை அம்மியில் அரைப்பது போலத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மேஜை ஓரம் வந்ததும் தூக்கி வைத்து மறுபடி தள்ளல்.

கீபோர்டு இதைவிட மோசம். அது ஃபேன் சுவிட்ச். போட்டால் முழுசாக ஓடும், அணைத்தால் நிற்கும். ரெகுலேட்டர் கிடையாது. கால்வாசி திருப்பம் வேண்டுமென்றால் டக் டக் டக்கென்று தட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். மடைக்கல்லை ஒட்டி வண்டல் எடுக்கும்போது பக்கெட் பல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட இருக்காது. இடது லீவரைப் பக்கவாட்டில் ஒரு நெல் அளவுக்குச் சாய்த்தால் வண்டி அந்த அளவுக்கு மெதுவாகத் திரும்பும். விட்டால் லீவர் தானே நடுவுக்கு வரும், வண்டி நிற்கும். கண் பக்கெட் பல்லில்தான் இருக்கும், லீவரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த லீவருக்குப் பதில் நாலு பொத்தானைக் கொடுத்திருந்தால் இந்தத் தாலுகாவில் ஒரு மடையும் மிஞ்சியிருக்காது.

ஜாய்ஸ்டிக்கும் அதே சங்கதிதான். சாய்க்கிற அளவு வேகம். விட்டால் ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துவிடும். வலது லீவரை என் பக்கம் இழுத்தால் வண்டியின் பெரிய கையான பூம் மேலே வரும், ஜாய்ஸ்டிக்கை இழுத்தால் கப்பல் மூக்கு மேலே வருகிறது. பக்கவாட்டில் சாய்த்தால் கப்பல் உருளும். பிடியையே முறுக்கினால் மூக்கு இடம் வலம் திரும்பும். முதல் நாள் ராத்திரி நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மூன்றாவது முயற்சியில் உரசாமல் உள்ளே போய்விட்டேன்.

இன்னொன்று வேகம். இந்த விளையாட்டில் முழு வேகத்தில் கப்பல் சரியாகத் திரும்பாது, ரொம்பக் குறைத்தாலும் திரும்பாது. நடுவில் நீலக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அங்கேதான் நன்றாக வளையும். ஜாய்ஸ்டிக் அடியில் இருக்கும் சின்ன வேக லீவரை அந்த இடத்தில் வைத்துவிட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். கீபோர்டில் எத்தனை தட்டு தட்டினோம் என்று எண்ணிக்கொண்டு இருக்க முடியுமா?

மேஜையில் வைத்தால் ஜாய்ஸ்டிக் நகர்கிறது என்று அதை ஒரு மணைப்பலகையில் திருகி, பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, பகலெல்லாம் லீவரு, ராத்திரியும் லீவரா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

சரி, குறையும் சொல்ல வேண்டும். முதலில் வாங்கியது பேர் தெரியாத மலிவுச் சரக்கு. எட்டு மாதத்தில், கையை எடுத்தாலும் கப்பல் தானாக இடப்பக்கம் உருள ஆரம்பித்தது. கடைக்காரர் "கேம் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாதுண்ணே" என்று முடித்துவிட்டார். நானே அடித்தட்டைத் திருகிப் பிரித்தேன். உள்ளே இருந்தது பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதே மாதிரிச் சின்ன வால்யூம் கன்ட்ரோல். ஒரு முள் கரித்தடத்தின் மேல் உரசிக்கொண்டே போகும். தேய்ந்தாலோ தூசி சேர்ந்தாலோ ரேடியோ கரகரக்கிற மாதிரி இதுவும் உளறும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தேன், ஒரு மாதம் ஓடியது, அப்புறம் பழையபடியே.

இப்போது இருப்பதில் சாய்க்கும்போது அந்த உரசல் இல்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். இதில் சாய்வை அளப்பது காந்தம். காந்தம் அசைவதை ஒரு சில்லு பார்த்துச் சொல்கிறது, நடுவில் எதுவும் தொடுவதில்லை. ஹால் சென்சார் என்பார்கள். எட்வின் ஹால் என்பவர் 1879-லேயே கண்ட விஷயம். இடது கைக்காரர்களும் பிடிக்கிற மாதிரி இதன் பிடியை மாற்றிக்கொள்ளலாம். மலிவானதே போதும் என்பவர்களுக்கு ஒன்று: விண்டோஸில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று அடித்தால் ஒரு ஜன்னல் வரும், அதில் நடுவைச் சரிசெய்துகொள்ளலாம். விளையாட்டுக்குள்ளேயே டெட் ஜோன் என்று இருக்கிறது, லீவரில் பிளே விடுகிற மாதிரி; நடுவில் குச்சி கொஞ்சம் அசைந்தாலும் கப்பல் கண்டுகொள்ளாது. ரொம்ப விட்டால் அந்த நெல் அளவு நுணுக்கம் போய்விடும்.

கட்டுரையில் இன்னொரு தப்பு: ஜாய்ஸ்டிக்குக்குத் தனியாக ஒரு கார்டு வேண்டும் என்று போட்டிருந்தது. அது சவுண்ட் கார்டில் 15 பின் போர்ட் இருந்த காலத்துக் கதை. இப்போது யூஎஸ்பிதான், பென் டிரைவ் மாதிரி சொருகினால் போதும்.

மருமகன் என் கட்சி இல்லை. "மாமா, சண்டையில உங்க குச்சி தேறாது" என்பான். உண்மைதான். இரண்டு பேரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஓடுகிற கப்பலைக் குறி வைத்துச் சுடுவதில் மவுஸை மிஞ்ச முடியவில்லை, ஏனென்றால் சுடுவது இடத்தைக் காட்டுகிற வேலை. 2003-ல் வந்த ஃப்ரீலான்சர் என்ற விண்வெளி விளையாட்டை மவுஸுக்கென்றே செய்திருந்தார்கள், ஜாய்ஸ்டிக் வேலையே செய்யாது. அந்த விளையாட்டை விரும்பி ஆடியவர்களும் நிறையப் பேர் என்று அவன்தான் சொன்னான். ஜெயிப்பது மட்டும் நோக்கம் என்றால் மவுஸே வாங்குங்கள். நான் சரக்கு ஏற்றிப் போய் இறக்குகிறவன். எனக்கு ஓட்டுகிற சுகம் வேண்டும்.

அந்தக் காலத்துச் சாமான் என்றதற்கும் ஒரு வார்த்தை. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியபோது கம்ப்யூட்டரோடு பேசத்தான் எண் பொத்தான்கள் இருந்தன. கலத்தைச் சாய்த்துத் திருப்பியது கைப்பிடியால். கம்ப்யூட்டர் கொண்டுபோன இடம் பாறையாகக் கிடக்க, அவர் கையால் தள்ளி ஓட்டித்தான் இறக்கினார். இப்போது ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் டிராகன் விண்கலத்தில் தொடுதிரை வந்துவிட்டது, 2025-ல் நம் சுபான்ஷு சுக்லா அதில்தான் போனார் என்பதும் தெரியும். அது பெரும்பாலும் தானே ஓடுகிற கலம். விளையாட்டிலும் கப்பலைத் தானாக நிலையத்தில் இறக்கிவிடுகிற கருவி உண்டு. நான் கழற்றி வைத்துவிட்டேன்.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். இவ்வளவும் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். டவுன்ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பெட்டியைப் பிரித்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். வேட்டி எடுக்கப் போனால்கூட நம் ஊரில் விரித்துப் போட்டுக் காட்டுகிறார்கள். கடைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைக்கச் சொல்லி அடுத்த இணைப்பில் இரண்டு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஹிட்டாச்சி ஆபரேட்டர்,
மேலூர், மதுரை மாவட்டம்.