சாப்பாட்டை முதலில் முடிவு செய்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வரும் சனிக்கிழமை சம்பந்தியம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் புறநகரில் இருக்கும் அந்த ஓவிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவதாக எழுதியிருந்தாய். எந்தக் கூடத்தில் என்ன ஓவியம் என்பதுவரை படித்து வைத்திருக்கிறாய், சந்தோஷம். சாப்பாட்டுக்கு மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரி. அந்த வரியைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

நகரத்தின் நடுவில் இருக்கும் அருங்காட்சியகம் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் ஏதாவது கிடைத்துவிடும். புறநகரில் வாசலைத் தாண்டினால் மதில் சுவர், மரங்கள், அப்புறம் நெடுஞ்சாலை. போனில் உள்ள வரைபடம் அரை கிலோமீட்டரில் ஓர் உணவகம் இருப்பதாக ஆசை காட்டும். நடுவில் ஓடுகிற அகலச் சாலையை எங்கே கடப்பது என்று அது சொல்லாது. அப்படியே கடந்துபோனாலும், அக்கம்பக்கத்து அலுவலகங்களை நம்பி நடக்கிற உணவகம் சனிக்கிழமை பூட்டியிருக்கும். இரண்டு பிள்ளைகளையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு பூட்டிய கதவின் முன் நிற்க உனக்கு என்ன தலையெழுத்து?

ஓவிய ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனவள் நான். பசி வந்த பிள்ளை சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்காது, ஆசிரியையின் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்கும். பெரியவர்களும் அப்படித்தான், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவே. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916லேயே 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றிக் கட்டுரை எழுதினார். குனிந்தும் மண்டியிட்டும் எட்டிப் பார்த்தும் ஒரு பார்வையாளர் படுகிற பாட்டைப் புகைப்படங்களாகவே எடுத்துப் போட்டார். பொருட்களை வைக்கிற விதத்தை அவர் குறை சொன்னார், நியாயம்தான். அதோடு வெறும் வயிறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு இது அதற்கும் முன்பே தெரிந்திருக்கிறது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் பெற்றிருக்கும் அருங்காட்சியகத்தை இன்றைய இடத்தில் 1857இல் திறந்தபோதே சிற்றுண்டிக் கூடமும் வைத்தார். உலகில் அருங்காட்சியகத்துக்குள் அமைந்த முதல் உணவகம் அதுதான் என்பார்கள்.

ஆகவே உள்ளே ஓர் உணவகம் இருக்கிறதா என்று பார். டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு வடக்கே, கடலோரமாக ஒரு சிற்றூரில் 1958 முதல் இருக்கும் லூசியானா அருங்காட்சியகத்தில், உணவக மேடையில் உட்கார்ந்தால் கால்டரின் சிற்பங்களும் அவற்றுக்குப் பின்னால் கடலும் தெரியும். (அந்த மாளிகையின் பழைய சொந்தக்காரர் மூன்று முறை மணந்தார், மூன்று மனைவியருக்கும் பெயர் லூயிஸ். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பெயர்.) எல்லா இடமும் அப்படி வாய்க்காது. பல இடங்களில் கூடங்கள் மூடுவதற்கு வெகு முன்பே சமையலறையை மூடிவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு மேல் வரிசை வாசல்வரை நிற்கும். பன்னிரண்டு அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடு. எல்லாம் பார்த்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதே. கொஞ்சம் பார்த்து, சாப்பிட்டு, மறுபடி உள்ளே போவதுதான் சரி. அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே விடுவார்களா என்று நுழையும்போதே கேட்டுவிடு.

என்னைக் கேட்டால் கட்டுச்சாப்பாடுதான். புறநகர் அருங்காட்சியகத்தின் பெரிய வசதியே அதைச் சுற்றியிருக்கும் நிலம். நெதர்லாந்தில் 1938இல் திறந்த க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம் ஒரு தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. பூங்காவுக்குள் சுற்றிவர வெள்ளைச் சைக்கிள்கள் இலவசம். அப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்து தட்டுக்காகக் காத்திருப்பானேன்?

குழம்பு, சாறு எதுவும் வேண்டாம். கையில் எடுத்து அப்படியே கடிக்கக்கூடியதாக, கத்தி தேவைப்படாததாக இருக்கட்டும். முதல் நாள் இரவே ஒரு தண்ணீர்ப் பாட்டிலை முக்கால் பாகம் நிரப்பி உறைய வைத்துவிடு. முழுக்க நிரப்பினால் பிதுங்கி வெடிக்கும். அதைப் பையில் உணவுக்கு மேலாக வை, குளிர் கீழ்நோக்கித்தான் இறங்கும். சாப்பிடும் நேரத்தில் அது உருகிக் குடிக்கவும் ஆகும். சமைத்த உணவு குளிர்ச்சியில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போனால் அந்தக் கணக்கும் செல்லாது.

டப்பாக்களுக்கு இறுக்கமான மூடி இருக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மானே 1863இல் காட்சிக்கு வைத்த 'புல்வெளியில் மதிய உணவு' ஓவியத்தை உனக்குக் காட்டியிருக்கிறேன். பாரிஸே அந்த ஆடையில்லாத பெண்ணைப் பற்றிச் சண்டை போட்டது. என் கண் மட்டும் இடது மூலைக்குத்தான் போகும். அங்கே கூடை சரிந்து, பழமும் ரொட்டியும் கழற்றிப் போட்ட ஆடையின் மேல் சிதறிக் கிடக்கும். அந்த நால்வரில் ஒருவருக்காவது எடுத்து வைக்கத் தோன்றவில்லை பார்.

கூடத்துக்குள் ஒரு பிஸ்கட்டைக்கூடப் பிரிக்க விடாதே. காவலாளிகள் வேண்டுமென்று கெடுபிடி செய்வதில்லை. உதிரும் துணுக்குக்குக் கரப்பானும் எலியும் வரும். வந்தவை காகிதத்தையும் பசையையும் துணியையும் விட்டுவைக்காது. வெளியே சிற்பத் தோட்டத்திலும் பீடங்களைச் சாப்பாட்டு மேசையாக்க வேண்டாம். சின்னவனின் எண்ணெய்க் கை வெண்கலத்தில் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

மரத்தடியில் உட்காரும்போது அடிமரத்துக்குக் கிழக்குப் பக்கமாக விரிப்பைப் போடு. உச்சி சாயச் சாய நிழல் உங்களை நோக்கி நீளும். மேற்கே போட்டவர்கள் பாதிச் சாப்பாட்டில் விரிப்பை இழுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். உட்காருமுன் எறும்புச் சாரி இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்.

மழை வந்து எல்லாம் கெட்டால், கூடத்தில் நிற்கும் காவலாளியிடம் "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர், பக்கத்தில், சீக்கிரமாக, நன்றாகக் கிடைக்கும் இடத்தைத்தான் சொல்வார். நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்களைவிட எனக்கு அவர் மேல் நம்பிக்கை அதிகம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அலுவலகத்துக்குப் போன் செய்து, புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டா, சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொள். சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார். மடக்கு நாற்காலியை உள்ளே விடுவார்களா என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா