குதிரையையும் கூட்டிப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும் குடும்பம், பிள்ளைகள் சவாரி செய்யும் குதிரையையும் விமானத்தில் கொண்டுபோவது வீண்செலவு என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காசுக்கு அங்கே மூன்று குதிரை வாங்கலாமாம். அவர் கணக்கில் பிழையில்லை. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை அங்கே சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஒன்றை அனுப்ப அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஆனாலும் கிராஞ்சிப் பந்தயத் திடலின் லாயங்களில் சைஸாகவே, அதாவது குதிரை பராமரிப்பவனாகவே, உழைத்து ஓய்வுபெற்ற என்னால் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை.

விட்டுவிட்டுப் போனால் அந்தக் குதிரை எங்கே போகும்? 1842இல் தொடங்கி இங்கே குதிரைப் பந்தயம் நடத்திவந்த சிங்கப்பூர் டர்ஃப் கிளப்பின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்து முடிந்தது. குதிரை வைத்துப் பார்க்க இந்தத் தீவில் இடமும் குறைவு, பழகிய ஆளும் குறைவு. "யாராவது எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த யாராவது எப்போதும் கிடைப்பதில்லை.

இன்னொன்று, லாயத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து கழுத்தைத் தடவினால் ரோமம் காய்ந்து சுடும். மூக்குத் துளை விரிய விரிய மூச்சு வாங்கும். விசிறி வைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி எத்தனையோ குதிரைகளைத் தேற்றியிருக்கிறோம். இதற்குக் கைகண்ட மருந்து குளிர்ந்த ஊர்தான். அப்படிப்பட்ட குதிரைக்கு விமானச் செலவை வைத்தியச் செலவாகவே நான் எண்ணுவேன். கிராஞ்சிக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவைதாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாக் குதிரையையும் அனுப்பலாம் என்று நான் சொல்லவில்லை. விமானத்தில் பெட்டி போன்ற அடைப்பில் இரண்டு மூன்று குதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். தலையைத் தாழ்த்த முடியாமல் பல மணி நேரம் நின்றால் சளி இறங்காமல் நெஞ்சில் தங்கிக் காய்ச்சல் கண்டுவிடும். இறங்கிய பிறகு சில நாளாவது காலையும் மாலையும் வெப்பநிலை பார்க்க வேண்டும், 38.5 டிகிரியைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நுரையீரல் பழுதான, அடிக்கடி வயிற்றுவலி வருகிற கிழக்குதிரையை அனுப்புவது கொடுமை.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். ஊர் மாறினால் தண்ணீரின் வாசம் மாறும், குதிரை வாய் வைக்காது. நான் பார்த்துக்கொண்ட சிவப்புக் குதிரை ஒன்றுக்குப் புறப்படும் முன்பே கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீரைக் காட்டிப் பழக்கினேன். வாளியை மோந்து பார்க்கும், உதட்டை மட்டும் நனைக்கும், ஒதுங்கிவிடும். பிறகு ஒருநாள் வாளி அடிவரை உறிஞ்சியது. அந்த வெல்லத்தையே பொட்டலம் கட்டிக் குதிரையோடு போன பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். மெல்பர்னில் இறங்கியதுமே குடித்துவிட்டது என்று அந்தப் பிள்ளை போன் செய்து சொன்னாள்.

பணம் கட்டும் முன், சொன்ன தொகையில் எது சேரவில்லை என்று கேளுங்கள். இங்கே தனிமைப்படுத்தல், அங்கே மெல்பர்ன் அருகே மிக்கல்ஹாமில் உள்ள அரசு முகாமில் குறைந்தது 14 நாள், ரத்தப் பரிசோதனை, காப்புறுதி, கடைசி லாரி வாடகை எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கும். வெளியூர்க் குதிரையைத் தனிமைப்படுத்துவதில் ஆஸ்திரேலியர்கள் அவ்வளவு கறார். அதனால்தான் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகளையே ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். 2007இல் குதிரைக் காய்ச்சல் உள்ளே புகுந்து அங்கே பந்தயங்களே நின்றுபோன பிறகு அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயணம் தாங்காத குதிரையை விட்டுப் போகிறவர்கள், அனுப்ப ஆகியிருக்கும் பணத்தில் ஒரு பங்கை அதன் லாய வாடகைக்கும் லாடத்துக்கும் மருத்துவருக்கும் முன்கூட்டியே கட்டிவிட்டுப் போகட்டும். சவாரிப் பள்ளிகள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தால், அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டித் தேய்த்துவிட நானும் என்னோடு வேலை செய்த பழைய ஆட்களும் சம்பளம் இல்லாமலே வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைஸ் ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்