பன்றி மேனேஜரும் பாட்டில் மூடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாள்வீரர்கள், பேய்கள், மறுபிறவி, வேற்றுலகம் என்று வகை பிரித்து அழகாக எழுதிக்கொண்டு வந்தவர், கடைசியில் ஆபீஸ் காமெடி மாதிரி சில்லறைத் தொடர்களும் உண்டு என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிட்டார். அந்தச் சில்லறைக்காகத்தான் இந்தக் கடிதம். முப்பத்தோரு வருஷம் ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்தவள் நான். சில்லறை டேலி ஆகாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதில்லை.

2020 ஊரடங்கில் மகள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். "அம்மா, இதப் பாருங்க. உங்க ஆபீஸை யாரோ கார்ட்டூனா எடுத்து வெச்சிருக்காங்க."

"கார்ட்டூன் பாக்கற வயசா எனக்கு?"

"கால் மணி நேரந்தான். குக்கர் இறங்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

அது 'அக்ரெட்சுகோ'. 1974-ல் ஹலோ கிட்டியைப் பெற்றெடுத்த அதே சான்ரியோ கம்பெனியின் படைப்பு. முதலில் 2016-லிருந்து ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு நிமிடத் துணுக்குகளாக வந்து, 2018 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் பத்துப் பகுதித் தொடரானது. 2023 வரை ஐந்து பருவங்கள். கதாநாயகி ரெட்சுகோ ஒரு சிவப்பு பாண்டா. நம் சிக்கிம் மாநிலத்தின் விலங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அதுதான். வயது 25, கல்யாணம் ஆகவில்லை, விருச்சிக ராசி, ஏ வகை ரத்தம், கணக்குப் பிரிவில் வேலை. ராசி பார்க்கிற ஊர் அதுவும் என்று தெரிந்ததுமே எனக்குப் பாதி ஒட்டிவிட்டது.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ரயிலில் நசுங்கி வருகிறாள், சீட்டில் உட்காருகிறாள், சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள். சாயங்காலம் தனியாக ஒரு கரோகே அறையை (பின்னணி இசையை ஓடவிட்டு நாமே மைக் பிடித்துப் பாடுகிற இடம்) வாடகைக்கு எடுத்து, மேனேஜரைத் திட்டி டெத் மெட்டல் என்கிற முரட்டு ராக் பாட்டுப் பாடுகிறாள். பாட்டென்றால் அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். நடுப்பகலில் தாங்க முடியாமல் போனால் மைக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸ் டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. அந்த நேரம் அவள் நெற்றியில் ஓர் எழுத்து தெரியும். 'ரெட்சு' என்று படிக்க வேண்டும், உக்கிரம் என்று பொருள். அவள் பெயரின் முதல் எழுத்தே அதுதான். உருண்டை முகமும் குட்டை வாலுமாக இருக்கிற பிள்ளைக்கு உக்கிரகாளி என்று பெயர் வைத்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், பேசும்போது வருகிற சன்னமான குரல் காவோலிப் என்கிற பெண்ணுடையது. உறுமும்போது வருவது தொடரை இயக்கிய ராரேச்சோவின் சொந்தக் குரல். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தொண்டை. ஆபீஸில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாகத் தெரியாது. "சரிங்க சார், முடிச்சுக் கொடுத்தர்றேன்" என்று சொல்கிற குரல் வேறு, மாடிப்படி இறங்கும்போது உள்ளே ஓடுகிற குரல் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டில் மூடி விவகாரம். சுபோனே என்று ஒரு சீனியர் அம்மாள் இருக்கிறாள், கொமோடோ உடும்பு. ரெட்சுகோ மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, இறுக்கமான மூடி போட்ட ஜாடியை நீட்டுவாள், திறந்துகொடு என்று. அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை, மேலிடத்தில் புகார் எழுதவும் ஒன்றும் இல்லை. போய் யாரிடம் சொல்வீர்கள், என்னை ஜாடி திறக்கச் சொன்னாள் என்றா? ஆபீஸ் வாழ்க்கையின் கசப்பு முக்கால்வாசி இந்த அளவில்தான் இருக்கும். பெரிய அநியாயத்துக்குச் சங்கம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. ஜாடி மூடிக்கு என்ன இருக்கிறது? அதை ஒருவர் கவனித்து, வரைந்து, அசைத்துக் காட்டும்போது வருகிற சிரிப்பு சாதாரணச் சிரிப்பில்லை. சுபோனே என்கிற பெயரிலும் ஒரு குறும்பு. அரண்மனை அந்தப்புரத்தில் தனி அறை பெற்ற மூத்த பெண்களைக் குறித்த பழைய சொல் அது. இப்போது ஜப்பானிய ஆபீஸ்களில் பழந்தின்று கொட்டை போட்ட, அதட்டல் போடும் சீனியர் பெண்களுக்குப் பின்னால் வைக்கிற பட்டப்பெயர்.

மேனேஜர் தோன் ஒரு பன்றி. பெயருக்கே பன்றி என்றுதான் அர்த்தம். ஜப்பானிய ஓட்டல்களில் கிடைக்கும் பன்றிக்கறி வறுவலான தோன்காட்சுவில் வருகிற அதே தோன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ கேட்பார், தன் வேலையைத் தூக்கி ரெட்சுகோ மேஜையில் போடுவார், அவளைக் 'கொஷிகாகே' என்று கூப்பிடுவார். சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து போகிற இருக்கை என்று அதற்கு அர்த்தம். கல்யாணம் ஆகும்வரை ஒண்டிக்கொண்டிருக்க வந்தவள் என்கிற குத்தல். ஆண் பெண் சம வேலைவாய்ப்புச் சட்டம் அங்கே 1986-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2018-ல் எடுத்த தொடரிலும் அந்தச் சொல் இருக்கிறது, பார்ப்பவர்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கும் தேவைப்படவில்லை. 1988-ல் நான் சேர்ந்த அன்று எங்கள் மேனேஜர் சொன்னது: "கல்யாணம் ஆனா நின்னுக்குவீங்க. உங்களுக்கு லெட்ஜர் எதுக்குங்க? டெஸ்பாட்ச் பாருங்க, போதும்." ஒன்றரை வருஷம் தபால் ஒட்டினேன். கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, நான் நிற்கவில்லை. கடைசியில் அவர்தான் ரிட்டயர் ஆகிப் போனார். அன்றைக்கு மாலை வாங்க என்னிடந்தான் பெட்டி கேஷிலிருந்து பணம் எடுத்தார்கள். வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான்.

ஆனால் அந்த மனுஷருக்கு ஐந்தொகை மனப்பாடம். டிரையல் பேலன்ஸில் தொண்ணூறு ரூபாய் இடிக்கிறது என்றால், ஒன்பதால் வகுபடுகிறதே, எங்கேயோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கீங்க என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வார். தோனும் அப்படித்தான். கம்ப்யூட்டர் யுகத்தில் மணிச்சட்டம் வைத்துக்கொண்டு அசுர வேகத்தில் கணக்குப் போடுகிற ஆசாமி. எடுத்தவர்கள் அவரை வெறும் வில்லனாக விடவில்லை. வேலை தெரிந்த கொடுமைக்காரர் என்கிற சிக்கலை அப்படியே வைத்திருக்கிறார்கள். வேலை தெரியாத மேனேஜரை வெறுப்பது சுலபம். வேலை தெரிந்தவரைத் திட்டிவிட்டு, மறுநாள் ஒரு சந்தேகம் என்றால் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் உறுமலாக வெளியே வருகிறது.

மற்றவர்களையும் இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். முதலாளியின் செக்ரட்டரி வாஷிமி, ஆங்கிலத்தில் 'செக்ரட்டரி பேர்ட்' என்று பெயருள்ள ஆப்பிரிக்கப் பறவை. எனக்கு இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் உறைத்தது. அவளும் மார்க்கெட்டிங் தலைவி கோரிலா கோரியும் வராண்டாவில் நடந்து வந்தால் ராணிகள் வருகிற மாதிரி இருக்கும். யோகா வகுப்பில் பழகிப் பார்த்தால் அவர்களும் நம்மைப் போலத்தான் அலுத்துப்போய் வருகிறார்கள். அந்த வகுப்பின் ஆசிரியர் ஒரு கங்காரு. எதைக் கேட்டாலும் "புரோட்டீன்!" என்று மட்டும் சொல்வார்.

இரண்டாம் பருவத்தில் அனாய் என்று ஒரு புதுப் பையன் சேருகிறான். நேரில் வாயே திறக்க மாட்டான். ஒரு சின்னத் திருத்தம் சொன்னால் போதும், பக்கம் பக்கமாக மின்னஞ்சல் அனுப்பி மிரட்டுவான், எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பான். செக்‌ஷனே நடுங்குகிறது. அவனை வழிக்குக் கொண்டுவருவது யார் தெரியுமா? ஊர் வம்பெல்லாம் பேசுகிற நீர்யானை அம்மாள் கபாயே. அதுவரை அவளை வெட்டிப்பேச்சு என்றுதான் நாமும் நினைத்திருப்போம். எங்கள் செக்‌ஷனிலும் அப்படி ஓர் அக்கா இருந்தார். அவர் லீவு போட்டால் வம்பு மட்டுமல்ல, வேலையும் நின்றுபோகும்.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆடிட் முழுமையாகாது. மூன்றாம் பருவத்தில் ரெட்சுகோ, ஐடல் என்கிற, மேடையில் ஆடிப் பாடும் இளம்பெண்கள் குழுவுக்குள் போய்விடுகிறாள், ஐந்தாவதில் தேர்தலில் நிற்கிறாள். இதெல்லாம் எனக்கு ரசிக்கவில்லை. அவளை மேஜையை விட்டு எழுப்பியதும் தொடரின் உப்புக் குறைந்துவிடுகிறது. நடுவில் நான்காவது பருவம் தப்பித்தது. கம்பெனிக்குப் புதிதாக வருகிற தலைவர், ரெட்சுகோவோடு வேலை பார்க்கிற நல்ல பையன் ஹாய்டாவைக் கொண்டு கணக்கை ஜோடிக்கப் பார்க்கிறார். வாள்வீச்சுக்கெல்லாம் அசையாத நான் அந்தக் காட்சிகளில் வயிறு கலங்கி உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு அது போர் அடித்ததாம்.

உங்கள் கட்டுரையாளர் இவ்வகைத் தொடர்களை இலேசானவை என்கிறார். இலேசானவைதான், மறுக்கவில்லை. ஆனால் எப்படி இலேசாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? முதல் பருவம் முழுக்கத் தேடினாலும் தோனைக் கவிழ்த்துப் போடுகிற காட்சி கிடையாது. நம் சினிமாவாக இருந்தால் இடைவேளைக்குப் பிறகு ரெட்சுகோ அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கியிருப்பாள். இங்கே அவள் தொண்டை கிழியப் பாடிவிட்டு, பில்லுக்குப் பணம் கட்டிவிட்டு, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆள். மறுநாளும் அதே சீட், அதே டீ. எதுவும் மாறவில்லை, ஆனாலும் நேற்றைய பாரம் இன்றைக்கு இல்லை. நான் அந்த முப்பத்தோரு வருஷம் ஓட்டியதும் இந்தக் கணக்கில்தான். எனக்கு கரோகே அறை கிடையாது. மொட்டை மாடியும் காயப்போட்ட துணியும் இருந்தன.

இன்னொன்று, உங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்காரர்கள் ரசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலானவற்றுக்கும் நம்மைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச்சு வரைதான் கணக்கு வருஷம். மார்ச்சுக் கடைசியில் ரெட்சுகோ முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

இயலுமானால் அடுத்த இதழ்களில் இந்த ஆபீஸ் வகைக்கென்றே நாலு பக்கம் ஒதுக்குங்கள். அனிமே தயாரிக்கிற கம்பெனிக்குள் ஆட்கள் படுகிற பாட்டையே கதையாக்கிய 'ஷிரோபாகோ' (2014) இருக்கிறது, வார்டு ஆபீஸ் ஊழியர்களை வைத்து எடுத்த 'சர்வண்ட் × சர்வீஸ்' (2013) இருக்கிறது. எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன். காலக்கெடு மட்டும் ஐந்தரை மணிக்குச் சொல்லாதீர்கள்.

கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் பழைய மேனேஜருக்கு இப்போது எண்பது வயதாகிறது. உங்கள் பத்திரிகைக்கு அவர் ஆயுள் சந்தாதாரர். அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார், எழுத்துப்பிழை இருந்தால் வட்டம் போடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.