ஸ்பிரிங் உடைந்தது, கைப்பிடி கரைந்தது: பிளேட்டிங் வேலை குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், பிளேட்டிங் பிரிவு, அம்பத்தூர்
பொருள்: 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பாகங்களுக்கு உலோகப் பூச்சு (பிளேட்டிங்), தவறான வேலை, பணத்தைத் திருப்பித் தருதல்

ஐயா,

வணக்கம். போனில் பேசி அலுத்துப்போய் எழுதுகிறேன். சலானில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "மங்கலான வெள்ளி நிறம், 8 மைக்ரான் தடிமன், ஸ்பிரிங்கைக் கட்டாயம் ஓவனில் சுடவும் (பேக்)."

அந்தக் காலத்துக் காட்மியப் பூச்சை யாரும் கேட்கவில்லை; அது விஷம். ஆனால் அந்தச் சாம்பல் மினுக்கம் ஜிங்க் (துத்தநாக) பூச்சிலும் ஏறக்குறைய வரும். முதலில் கிளாஸ் பீட் பிளாஸ்டிங் (கண்ணாடி மணிகளை வீசித் துலக்குவது), தொட்டியில் பளபளப்பு தரும் பிரைட்னர் கம்மி, கடைசியில் பூச்சைக் காக்கும் ரசாயனப் படலமான பாசிவேஷன், அதுவும் மஞ்சளுக்குப் பதில் வெள்ளை. உங்களுக்குத் தெரியாததா? வந்திருப்பதோ துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி மஞ்சள்.

போல்ட்டில் நட்டு இரண்டு சுற்றோடு நின்றுவிடுகிறது. போல்ட் தலையில் அளந்தால் பூச்சு 25 மைக்ரான் (0.025 மி.மீ.). 60 டிகிரி மரையில் பூச்சுத் தடிமனைப் போல நான்கு மடங்கு பிட்ச் விட்டம் (மரையின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) கூடும், அதாவது 0.1 மி.மீ. மரை வெட்டும் டை போட்டுச் சரிசெய்தால் பூச்சு மரையோடு உரிந்து வந்துவிடும்.

இதையாவது பொறுக்கலாம். ஆக்ஸிலரேட்டர் ரிட்டர்ன் ஸ்பிரிங்? மாட்டிய மூன்றாம் நாள் தானாகவே இரண்டாக உடைந்து கிடந்தது. உடைந்த இடத்தில் நெளிவே இல்லை. ஓடும்போது உடைந்திருந்தால் ஆக்ஸிலரேட்டர் திரும்பாமல் நின்றிருக்கும், ஐயா! ஆசிட்டிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து ஸ்பிரிங் எஃகை நொறுங்க வைக்கும். அதனால்தான் பிளேட்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, 190 முதல் 220 டிகிரியில் எட்டு மணி நேரமாவது சுட வேண்டும். பாசிவேஷன் அதற்குப் பிறகுதான்.

உங்கள் சூப்பர்வைசர் சொன்னது: "ஸ்பிரிங் பழசு சார், அதான். பழைய இரும்புக்கு இவ்வளவு சட்டமா? வேணும்னா இப்ப ஓவன்ல போட்டுத் தர்றேன்." மஞ்சள் பூச்சு ஏறியதை 200 டிகிரியில் சுட்டால் பாசிவேஷன் படலம் வெடித்து வீணாகும், விழுந்த விரிசலும் ஒட்டாது. இதுகூடத் தெரியாதவரை எப்படித்தான் கவுன்ட்டரில் உட்கார வைத்தீர்கள்? அவர் சனிக்கிழமை வரச் சொன்னார் என்று தாம்பரத்திலிருந்து வந்தேன். "சாவி அவர்கிட்ட, அவர் லீவு" என்றார் வாட்ச்மேன். அது நான்காவது நடை.

குரோமுக்குக் கொடுத்த கதவுக் கைப்பிடிகளை மறந்தே போனேன். அவை ஜிங்க் டைகாஸ்ட், அதாவது துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தவை. காந்தம் வைத்துப் பார்த்திருந்தாலே இரும்பில்லை என்று தெரிந்திருக்கும். இரும்புப் பாகங்களோடு ஆசிட்டில் முக்கியதில் குழி குழியாக அரித்துவிட்டது. காப்பர் ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்தால்தான் மீளும். விளிம்பின் கூர்மை மீளாது. அறுபது வருடம் தாங்கியதை அரை மணியில் முடித்துவிட்டீர்கள். மொத்தத்தில் காரே போன மாதிரிதான். ஒரு லட்சம் தந்தாலும் ஈடாகாது.

உங்கள் கம்பெனி மேல் எனக்குத் தனிப் பகை எதுவும் இல்லை. கட்டிய 6,800 ரூபாயும் ஸ்பிரிங், கைப்பிடிகளின் விலையும் 15 நாளில் வந்தால் இத்தோடு விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சலான் நகலும் உடைந்த ஸ்பிரிங்கும் பத்திரமாக இருக்கின்றன.

இன்னும் இரண்டு பிராக்கெட் உங்களிடம் உள்ளன. தயவுசெய்து அவற்றில் யாரும் கை வைக்க வேண்டாம். துருவோடு அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், தாம்பரம்